மூணாவது தடவை மட்டும் விரல் எப்படித் தரையைத் தொடுகிறது?

காலையில் எழுந்ததும் முட்டியை மடக்காமல் குனிந்து பாருங்கள். எனக்கு விரல் நுனிக்கும் தரைக்கும் நடுவே நாலு விரற்கடை மிச்சம் இருக்கும். இரண்டு மூன்று தடவை குனிந்து நிமிர்ந்தால் தொட்டுவிடுகிறேன். அரை நிமிஷத்தில் தசை ஒன்றும் பெரிதாகச் சூடாகிவிடாது. அப்புறம் எப்படி?

தசைக்குள் ஆக்டின், மயோசின் என இரண்டு வகைப் புரத இழைகள் உண்டு. அசையாமல் கிடக்கும்போது இவற்றில் சில ஒன்றையொன்று பற்றிக்கொண்டுவிடும். ராத்திரி தூங்கி எழுந்ததும் உடம்பு பிடித்துக்கொண்ட மாதிரி இருப்பதில் இதற்கும் பங்கு உண்டு. நாலு தடவை அசைத்தால் அந்தப் பிடி விட்டுவிடும். தக்காளி சாஸ் பாட்டிலைக் குலுக்கினால் இளகுமே, அதே கதைதான். சும்மா வைத்தால் மறுபடி இறுகுவதும் அப்படியே.

சூடு வேறு கணக்கு. ஓய்வில் தொடைத் தசையின் வெப்பம் 35, 36 டிகிரி செல்சியஸ்தான். 10, 15 நிமிஷம் மெதுவாக ஓடினால் 38-ஐத் தாண்டும். தசையின் பிசுபிசுப்பு குறையும், நரம்பின் சேதி வேகமாக ஓடும், ஆற்றல் தரும் வேதிவினைகளும் முடுக்கம் பெறும். வார்ம்-அப்பின் உண்மையான லாபம் இங்கேதான் இருக்கிறது.

சரி, ஒரே நிலையில் காலை நீட்டிப் பிடித்துக்கொண்டே இருக்கிறோமே, அது? தசை கொஞ்சம் தளர்வது உண்மை. ஆனால் பெரும்பாலும் பத்து இருபது நிமிஷத்தில் பழையபடி ஆகிவிடும். பெரிய மாற்றம் மூளையில். இழுக்கும்போது வரும் வலியை அது கூடுதலாகப் பொறுத்துக்கொள்கிறது, அதனால் இன்னும் கொஞ்சம் வளைகிறோம். ஒரே தசையை 60 விநாடிக்கு மேல் இழுத்துப் பிடித்தால், அடுத்த சில நிமிஷங்களுக்கு அதன் பலம் சற்றுக் குறைகிறது என்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஓட்டக்காரருக்கு இது நஷ்டம். அவருக்குக் கொஞ்சம் விறைப்பு வேண்டும், தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண் ஸ்பிரிங் மாதிரி எம்ப வேண்டுமே! ஜிம்னாஸ்டிக்ஸ் ஆடுபவருக்கோ வளைவுதான் பிழைப்பு. அவர் 20, 30 விநாடி பிடித்துவிட்டு, கால் வீசல், துள்ளல் என்று அசைவுக்குப் போனால் பாதகமில்லை.

பவுண்டரி ஓரத்தில் ஃபீல்டிங் நிற்கும் வேகப்பந்து வீச்சாளரைக் கவனியுங்கள். கேப்டன் கூப்பிடுவதற்கு ஓர் ஓவர் முன்பே தோளைச் சுழற்றி, இடுப்பைத் திருப்ப ஆரம்பித்திருப்பார். காலையில் செய்த வார்ம்-அப் அதற்குள் ஆறிப்போயிருக்கும்.