கோச்சைத் தூக்கினால் அணி தேறிவிடுமா?

கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருடைய மகன் லாஸ் ஏஞ்சல்ஸில், யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பு படிக்கிறான். 2025 அக்டோபரில் அவன் ஃபோனில் பேசியதெல்லாம் ஃபுட்பால்தானாம். "வரிசையாகத் தோற்றுக்கொண்டிருந்தோம், கோச்சைத் தூக்கினார்கள், இப்போது தொடர்ந்து மூன்று ஆட்டம் ஜெயித்துவிட்டோம்!" வாசகரின் கேள்வி இதுதான்: தலையை மாற்றினால் உடம்பு நிஜமாகவே தேறிவிடுமா?

முதலில் ஒரு விளக்கம். இது நம்முடைய காற்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்க ஃபுட்பால். அதிலும் தொழில்முறை ஆட்டமில்லை, கல்லூரி ஆட்டம். மேல்மட்டப் பிரிவில் மட்டும் 2025இல் 136 பல்கலைக்கழக அணிகள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு சீசனில் பெரும்பாலும் 12 ஆட்டங்கள் ஆடும். அந்த 12 என்ற எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கதையே அதில்தான் இருக்கிறது.

கோச் ஆவதற்கான ஏணி நமக்குப் பழக்கமானதுதான். எடுபிடி வேலை பார்க்கும் உதவியாளர், பிறகு ஒரு பிரிவுக்கு மட்டும் பயிற்சி தருபவர், பிறகு தாக்குதலுக்கோ தடுப்புக்கோ பொறுப்பாளர், கடைசியில் தலைமைப் பயிற்சியாளர். அந்தக் கடைசிப் படியில் சம்பளம் எகிறும். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் அரசு நிறுவனங்களிலேயே அதிகச் சம்பளம் வாங்குபவர் ஆளுநர் அல்ல, ஒரு பல்கலைக்கழக கோச். வேலையை விட்டு அனுப்பினால் அதைவிடக் கொழுத்த தொகை. டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் 2023 நவம்பரில் ஜிம்போ ஃபிஷரை அனுப்பியபோது, ஒப்பந்தப்படி கொடுக்க வேண்டியிருந்தது சுமார் 7.6 கோடி டாலர். அன்றைய மதிப்பில் 600 கோடி ரூபாய்க்கு மேல். வேலை பார்ப்பதற்கு அல்ல, பார்க்காமல் இருப்பதற்கு.

சரி, இவ்வளவு கொடுத்து ஆளை மாற்றினால் பலன் உண்டா? இதற்கு விடை சொல்ல ஒரு விளையாட்டு போதும். ஒரு ரூபாய் நாணயம் எடுத்துக்கொள்ளுங்கள்.

136 அணிகளும் திறமையில் அச்சு அசலாக ஒன்றே என்று வைத்துக்கொள்வோம். கோச்சுகளும் ஒருவருக்கொருவர் இம்மியும் மேலில்லை, கீழில்லை. ஒவ்வொரு ஆட்டத்தின் முடிவும் பூவா தலையாதான். 12 முறை சுண்டினால் சராசரியாக 6 வெற்றி வர வேண்டும். ஆனால் எல்லோருக்கும் சரியாக 6 வராது. 12 சுண்டலில் 3 அல்லது அதற்கும் குறைவாகத் தலை விழும் வாய்ப்பு 4,096இல் 299, அதாவது 7.3 சதவீதம். 136 அணிகளில் இது கிட்டத்தட்ட 10 அணிகள். பத்து ஊர்களில் ரசிகர்கள் கொதிப்பார்கள், செய்தியாளர்கள் கிழிப்பார்கள், பத்து கோச்சுகள் வீட்டுக்குப் போவார்கள். யாருமே தப்புச் செய்யவில்லை என்பது நாணயத்துக்கு மட்டும்தான் தெரியும்.

அடுத்த ஆண்டு பத்துப் புதுமுகங்கள் வருகிறார்கள். அதே நாணயம், அதே 12 சுண்டல். மூன்றுக்கு மேல் தலை விழ இப்போது வாய்ப்பு எவ்வளவு? 92.7 சதவீதம். பத்தில் ஒன்பது அணிகள் "தேறிவிடும்". புதியவர் அதிகாலை 5 மணிக்கே ஓட வைத்தாராம், ஓய்வறையின் சுவர்களுக்குப் புது வண்ணம் அடித்தாராம் என்று ஒன்பது ஊர்களில் கட்டுரை வரும். நான் இந்த இடத்தில் எப்போதும் ஒரு நிமிடம் நின்றுவிடுவேன். ஒன்றுமே நடக்காத இடத்தில் ஒன்பது வெற்றிக் கதைகள் முளைத்துவிட்டன, பாருங்கள்!

இதன் பெயர் சராசரிக்குத் திரும்புதல். எங்கெல்லாம் ஒரு விளைவில் திறமையோடு அதிர்ஷ்டமும் கலந்திருக்கிறதோ, அங்கெல்லாம் மிக மோசமான முடிவுக்குப் பிறகு கொஞ்சம் நல்லதும், மிக நல்ல முடிவுக்குப் பிறகு கொஞ்சம் மோசமும் வரும். யாரும் இழுப்பதில்லை, எந்த விசையும் இல்லை. கடைசி இடத்தில் இருப்பவரைப் பொறுக்கியெடுக்கும்போதே அவருடைய துரதிர்ஷ்டத்தையும் சேர்த்துப் பொறுக்கிவிடுகிறோம். அடுத்த முறை அந்தத் துரதிர்ஷ்டம் கூட வருவதில்லை, அவ்வளவுதான்.

இந்த ஆட்டத்தில் அதிர்ஷ்டத்துக்கு இடமும் தாராளம். முட்டைப் பந்து கை நழுவித் தரையில் விழுந்தால் எந்தப் பக்கம் துள்ளும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதன் மேல் பாய்ந்து எடுப்பது நம் ஆளா எதிராளியா என்பது ஏறக்குறைய நாணயம் சுண்டுவதுதான். ஒரு பெரிய ஆட்டத்தில் அப்படி இரண்டு துள்ளல் போதும். 12 ஆட்டம் என்பது இந்தத் துள்ளல்களெல்லாம் ஒன்றையொன்று அடித்துச் சமனாவதற்குப் போதவே போதாது.

இப்போது நாணயத்தை மறுபக்கம் திருப்புங்கள். அதே 136 அணிகளில் 9 அல்லது அதற்கு மேல் ஜெயித்த அணிகளும் பத்து இருக்குமே? அந்தப் பத்து கோச்சுகள் மேதைகள் ஆகிவிடுவார்கள். பெரிய பல்கலைக்கழகங்கள் அவர்களைக் கொத்திக்கொண்டு போகும், அல்லது இருக்கும் இடத்திலேயே ஒப்பந்தத்தை நீட்டிப்பார்கள். ஃபிஷருக்கு நடந்ததே இதுதான். 2020இல் அவருடைய அணி 9 வெற்றி, 1 தோல்வி. கோவிட் காரணமாகச் சுருங்கிய சீசன், 10 ஆட்டம்தான். 2021இல் ஒப்பந்தம் நீண்டது, தொகை ஏறியது. அந்த ஆண்டு 8-4. அடுத்த ஆண்டு 5-7. அதற்கடுத்த ஆண்டு 6-4 என்று இருக்கும்போது பெட்டியைக் கட்டச் சொன்னார்கள்.

ஒரு கோச்சின் வாழ்க்கை முழுவதும் இந்தக் கணக்கு எப்படி ஓடுகிறது என்று பார்க்க ஸ்காட் ஃப்ராஸ்டைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. மத்திய ஃப்ளோரிடா பல்கலைக்கழக அணி 2013இல் 12-1. 2015இல் 0-12, ஒன்றுகூட ஜெயிக்கவில்லை. அந்தப் படுகுழியில்தான் ஃப்ராஸ்ட் வந்து சேர்ந்தார். முதல் ஆண்டு 6-7, இரண்டாம் ஆண்டு 13-0. உடனே நெப்ராஸ்கா அழைத்தது. அவர் பிறந்த மாநிலம், 1997இல் வீரராக அவர் பட்டம் வென்று கொடுத்த பல்கலைக்கழகம். ஊரே மாலையோடு நின்றது. ஐந்து சீசன்களில் 16 வெற்றி, 31 தோல்வி. 2022 செப்டம்பரில் ஐந்தாவது சீசன் தொடங்கிய சில வாரங்களிலேயே அனுப்பிவிட்டார்கள். பள்ளத்தில் இருக்கும் அணிக்கு ஆள் வருகிறார், மேட்டில் இருக்கும்போது வேறிடம் போகிறார். முதல் வேலை அவரை மேதையாகக் காட்டும், இரண்டாவது வேலை முட்டாளாகக் காட்டும். இரண்டு இடத்திலும் நின்றது அதே மனிதர்தான்.

நெப்ராஸ்கா என்றதும் இன்னொன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. டாம் ஆஸ்போர்ன் 25 ஆண்டுகள் அங்கே கோச்சாக இருந்து, 1994, 1995, 1997 பட்டங்களோடு விடைபெற்றார். அவருக்குப் பின் வந்த ஃப்ராங்க் சோலிச் 58 வெற்றி, 19 தோல்வி. 2003இல் 9-3 என்று இருந்தபோதே அவரை நீக்கினார்கள். இந்த அணி நடுத்தரத்தை நோக்கிச் சரிவதை விடமாட்டேன் என்ற பொருள்பட அன்றைய விளையாட்டுத் துறை இயக்குநர் பேசினார்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏனென்றால் 1886இல் ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்டன் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரையின் தலைப்பே "நடுத்தரத்தை நோக்கிய பின்வாங்கல்" என்றுதான் தொடங்கும். ஆங்கிலத்தில் இருவரும் பயன்படுத்தியது "மீடியோக்ரிட்டி" என்ற ஒரே சொல்! கால்டன் 205 குடும்பங்களில் 928 வளர்ந்த பிள்ளைகளின் உயரத்தைப் பெற்றோரின் உயரத்தோடு ஒப்பிட்டார். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் உயரமாகத்தான் இருந்தார்கள், ஆனால் பெற்றோர் அளவுக்கு இல்லை. குள்ளமானவர்களின் பிள்ளைகள் பெற்றோரைவிடக் கொஞ்சம் வளர்ந்தார்கள். இன்று புள்ளியியலின் அடிப்படைக் கருவிகளில் ஒன்று இந்தக் கவனிப்பிலிருந்துதான் பிறந்தது. 117 ஆண்டுகள் கழித்து ஒருவர் அதே சொல்லைச் சொல்லி, அதை நடக்க விடமாட்டேன் என்று மல்லுக்கு நின்றார். அடுத்த ஆண்டே நெப்ராஸ்கா 5-6. 1961க்குப் பிறகு அவர்களுக்கு வந்த முதல் தோல்வி சீசன் அது.

ஆனால் ஒரு நெப்ராஸ்காவை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. நாணயக் கணக்கும் வெறும் கற்பனைதான், நிஜ அணிகளுக்குள் திறமை வித்தியாசம் உண்டே. எனவே உண்மையான தரவு வேண்டும். ஸ்காட் ஆட்லர், மைக்கேல் பெர்ரி, டேவிட் டோஹெர்ட்டி என்ற மூன்று அரசியல் அறிவியல் ஆய்வாளர்கள் அந்த வேலையைச் செய்தார்கள். அரசியல் ஆய்வாளர்களுக்கு ஃபுட்பாலில் என்ன வேலை என்கிறீர்களா? தலைவரை மாற்றினால் நிறுவனம் மாறுமா என்பது அவர்களுடைய கேள்வியும்தானே. 1997 முதல் 2010 வரையிலான கல்லூரி அணிகளை எடுத்து, ஒரே மாதிரி ஆடிக்கொண்டிருந்த அணிகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். ஒரு பக்கம் கோச்சை மாற்றியவை, இன்னொரு பக்கம் மாற்றாதவை. மருந்து ஆய்வில் வெறும் மாத்திரை கொடுக்கும் கூட்டம் இருக்குமே, மாற்றாத அணிகள் அந்தக் கூட்டம் மாதிரி.

மிக மோசமாக ஆடிய அணிகளில் கோச்சை மாற்றியவையும் மாற்றாதவையும் அடுத்தடுத்த ஆண்டுகளில் பெரிதாக வேறுபடவில்லை. இரண்டுமே தேறின. பாதி ஜெயித்துப் பாதி தோற்ற நடுத்தர அணிகளில் முடிவு இன்னும் சுவாரசியம்: மாற்றியவை, மாற்றாதவற்றைவிட மோசமாக ஆடின. கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

என் பாட்டி நினைவுக்கு வருகிறார். எனக்குக் காய்ச்சல் வந்தால் முதல் இரண்டு நாள் கஷாயம். மூன்றாம் நாள் உடம்பு அனலாய்க் கொதிக்கும்போதுதான் மந்திரித்துத் திருநீறு போடுபவரிடம் தூக்கிக்கொண்டு போவார். நான்காம் நாள் காய்ச்சல் இறங்கும். திருநீறுக்காரருடைய வெற்றி விகிதம் எந்த கோச்சுக்கும் கிடையாது. உச்சத்தில் போனால் அடுத்து இறக்கம்தானே? பாட்டியிடம் இதைச் சொல்லும் தைரியம் எனக்குக் கடைசிவரை வரவில்லை. 7.6 கோடி டாலர் கொடுத்து மந்திரித்துக்கொள்பவர்களிடம் சொல்ல எந்தத் தயக்கமும் இல்லை.

அப்படியானால் கோச் யாராக இருந்தாலும் ஒன்றுதானா? இல்லை. அதிர்ஷ்டத்தையும் திறமையையும் பிரிக்க ஒரு எளிய சோதனை இருக்கிறது: திரும்பத் திரும்ப வருகிறதா? நிக் சேபன் 2007இல் அலபாமாவுக்கு வந்தபோது முதல் சீசன் 7-6. அதில் லூயிசியானா மன்றோ என்ற சின்ன அணியிடம் சொந்த மண்ணில் தோற்ற அவமானமும் சேர்த்தி. ஆனால் 2008 முதல் ஓய்வு பெறும்வரை 16 சீசன்கள், ஒன்றில்கூட 10 வெற்றிக்குக் குறையவில்லை. ஆறு தேசியப் பட்டங்கள். நாணயம் சுண்டி இதெல்லாம் வராது. அவர் சராசரிக்குத் திரும்பினார்தான், அவருடைய சராசரியே அந்த உயரத்தில் இருந்தது.

ஃப்ராஸ்ட் கணக்கிலும் ஒரு முள் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. நெப்ராஸ்காவில் 8 புள்ளி வித்தியாசத்துக்குள் முடிந்த நெருக்கமான ஆட்டங்களில் அவர் 5 வெற்றி, 22 தோல்வி. நாணயத்தில் 27க்கு 5 அல்லது அதற்கும் குறைவாக விழ வாய்ப்பு ஏறக்குறைய 1,300இல் ஒன்று. அவ்வளவு துரதிர்ஷ்டசாலி யாராவது இருப்பாரா? நூற்றுக்கணக்கான கோச்சுகளில் மோசமானவரைத் தேடி எடுத்து எண்ணுகிறோம் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இருந்தாலும், முழுப் பழியையும் நாணயத்தின் மேல் போட எனக்கு மனம் வரவில்லை.

பிறகு ஏன் இவர்கள் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்? நன்கொடையாளர்கள் கோபத்தில் இருக்கும்போது "பொறுங்கள், தானாகச் சரியாகும்" என்று சொல்லும் இயக்குநருக்குத் தன் வேலையும் போய்விடும். சும்மா இருப்பதற்கு மேடையில் கைதட்டு கிடையாது. பணம் பெரும்பாலும் தொலைக்காட்சியிலிருந்தும் நன்கொடையாளர்களிடமிருந்தும் வருகிறது, ஆய்வகத்திலிருந்து பிடுங்கியதல்ல என்பதும் உண்மை. ஆனாலும் 2025 பிப்ரவரியில், ஆராய்ச்சி மானியங்களோடு கட்டடம், நிர்வாகம் போன்றவற்றுக்காகத் தரும் மேல்செலவுத் தொகையை 15 சதவீதமாகக் குறைப்பதாக அமெரிக்க தேசியச் சுகாதார நிறுவனம் அறிவித்தபோது இதே பல்கலைக்கழகங்கள் பதறிப்போய் நின்றன. அதே ஆண்டு ஜூலையிலிருந்து விளையாட்டு வீரர்களுக்கு வருவாயில் நேரடிப் பங்கு கொடுக்கலாம் என்று ஆனது. ஒரு பல்கலைக்கழகத்தின் எல்லா விளையாட்டு வீரர்களுக்கும் சேர்த்து முதல் ஆண்டுக்கான உச்சவரம்பு 2.05 கோடி டாலர். ஃபிஷர் ஒருவருக்கு 7.6 கோடி. ஆண்டுக் கணக்கையும் பல ஆண்டு ஒப்பந்தத்தையும் ஒப்பிடுவது முழு நியாயமில்லை. எனக்கு எரிச்சல் தீரவும் இல்லை.

சரி, யுசிஎல்ஏ கதைக்கு வருவோம். முதல் மூன்று ஆட்டங்களில் தோற்றதும் கோச் டிஷான் ஃபாஸ்டர் நீக்கப்பட்டார். தற்காலிகமாக வந்த டிம் ஸ்கிப்பர் முதலில் ஒன்று தோற்றார். பிறகு நாட்டின் ஏழாம் இடத்தில் இருந்த பென் ஸ்டேட் அணியை 42-37 என்று சாய்த்தார், இன்னும் இரண்டு ஜெயித்தார். உங்கள் மகன் ஃபோன் செய்தது அந்தச் சமயத்தில்தான். அதற்கடுத்த ஆட்டத்தில் இண்டியானா 56-6 என்று நசுக்கியது. மீதி இருந்த எல்லாவற்றிலும் தோல்வி. முடிவில் 3-9. மகன் அப்போது ஃபோனில் ஃபுட்பால் பேசினானா என்று நீங்கள் எழுதவில்லை.

இப்போது புதிதாக பாப் செஸ்னி என்பவரை எடுத்திருக்கிறார்கள். 2025இன் வழக்கமான 12 ஆட்டங்களில் அவருடைய ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழக அணி 11-1. உச்சியிலிருந்து ஒருவர் பள்ளத்துக்கு வருகிறார். 2026 சீசனில் யுசிஎல்ஏ மூன்றுக்கு மேல் ஜெயிக்கும், 11க்குக் கீழே நிற்கும். செஸ்னி எப்படிப் பயிற்சி கொடுப்பார் என்று ஒரு நிமிடம்கூடப் பார்க்காமல் சொல்கிறேன். ஒரு டீயும் இரண்டு மசால் வடையும் பந்தயம். தோற்றால் கோயம்புத்தூருக்கே வந்து வாங்கித் தருகிறேன்.