பைத்தான்3 சிம்லிங்க்கைத் தொடாதீங்க, ப்ளீஸ்

இந்த மாதத்தில் இது மூன்றாவது சர்வர். உபுண்டு 22.04, அதன் சொந்தப் பைத்தான் 3.10. "ஆப்ட் அப்டேட் கொடுத்தா கடைசியில எர்ரர் வருது சார்" என்று போன். ஸ்கிரீன்ஷாட்டில் அதே பழைய வரி: உபுண்டுவின் பேக்கேஜ் மேனேஜரான ஆப்ட்டோடு வரும் ஆப்ட்_பிகேஜி என்ற பைத்தான் மாட்யூல் இல்லையாம்.

"பைத்தான்3 சிம்லிங்க்கை எதுக்கு மாத்தினீங்க?" என்றேன். பைத்தான்3 என்ற பெயர், எந்தப் பதிப்பு ஓட வேண்டும் என்று காட்டும் குறுக்குவழி (சிம்லிங்க்).

"எங்க ஆப்புக்கு 3.12 வேணும் சார்..."

வேணும்தான். பக்கத்தில் போட்டுக்கொள்ளுங்கள், யார் தடுத்தது? 3.10-உம் 3.12-உம் ஒரே மெஷினில் சண்டையில்லாமல் இருக்கும். பைத்தான்3 என்ற பெயர் மட்டும் டிஸ்ட்ரோவுடையது, அதாவது உபுண்டுவுடையது; அதன் சொந்த ஸ்கிரிப்ட்டுகள் அதை நம்பித்தான் ஓடுகின்றன.

அடுத்துக் கேட்டார்: "நெட்ல பார்த்தேன், அந்த ஆப்ட்_பிகேஜி ஃபைல் பேர்ல இருக்கிற சிபைத்தான்-310-ஐ எடுத்துட்டா போதுமாமே?"

இந்த வைத்தியத்தைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த 310 அலங்காரத்துக்கு இல்லை. ஆப்ட்_பிகேஜி, சி++இல் எழுதி 3.10இன் ஹெடர்களோடு (அதன் உள்ளமைப்பைச் சொல்லும் ஃபைல்கள்) கம்பைல் செய்த பைனரி. 3.12இன் உள்ளமைப்பு வேறு. பெயரில் 310 இருப்பதால்தான் 3.12 அதைத் தொடாமல் விலகுகிறது. பெயரைச் சுரண்டிவிட்டால் லோட் ஆகலாம். எங்கே செக்மென்டேஷன் ஃபால்ட்டில் (மெமரி பிழையில்) விழும் என்பது உங்கள் அதிர்ஷ்டம். பெயரில் ஏபிஐ3 என்று இருந்தால் மட்டும் கதை வேறு, அது பல பதிப்புகளுக்கும் பொதுவாகக் கட்டப்பட்டது.

சி கோடே இல்லாத ஸ்கிரிப்ட் எதிலும் ஓடும் என்பவர்களுக்கு ஒரே சொல்: டிஸ்ட்யூட்டில்ஸ். பைத்தானோடு கூடவே வந்துகொண்டிருந்த பழைய லைப்ரரி, 3.12இல் அது கிடையாது.

ஆப்ட் நிறுவும் டெப் பேக்கேஜ் கட்டுகிறவர்களே, உங்களுக்கும் இருக்கிறது. வீஎன்வியை (ஆப்புக்கென்று தனியாக வைக்கும் பைத்தான் சூழல்) உள்ளே வைத்துவிட்டு, எது தேவை என்று சொல்லும் டிபென்ட்ஸ் வரியில் "பைத்தான்3, 3.10 அல்லது மேல்" என்று மட்டும் எழுதுகிறீர்கள். அந்த வீஎன்விக்குள் எல்லாம் பைத்தான்3.10 என்ற டைரக்டரியில் உட்கார்ந்திருக்கிறது. சர்வர் 24.04க்குப் போனதும் பைத்தான்3 என்பது 3.12 ஆகி, தன் பெயரிலுள்ள டைரக்டரியைத் தேடி வெறுங்கையோடு திரும்பும். ஆப்ட்டோ எல்லாம் சரி என்று சாதிக்கும். மேல்வரம்பும் போடுங்கள்: 3.11க்குக் கீழ். ஆப்ட்_பிகேஜி மாதிரி சி எக்ஸ்டென்ஷன் இருந்தால், டெப் கட்டும் கருவியான டிஹெச்_பைத்தான்3 தானாகவே இரண்டு வரம்பும் எழுதும். அதைப் பார்த்தாவது செய்யலாம். லைப்ரரியைப் பல பதிப்புகளுக்கும் கட்டுங்கள், ஆப்பை ஒன்றோடு பிணைத்துவிடுங்கள். ஷிபாங்கில், அதாவது எதில் ஓட வேண்டும் என்று சொல்லும் ஸ்கிரிப்ட்டின் முதல் வரியில், என்வ் என்ற கமாண்ட் வேண்டாம். அந்த நேரம் யாருடைய வீஎன்வி ஆக்டிவாக இருக்கிறதோ அதில் போய் விழும்.

சிம்லிங்க்கை 3.10க்கே திருப்பச் சொன்னேன். ஒரு நிமிட வேலை, எர்ரர் போய்விட்டது. போனை வைக்கும் முன் மெல்ல இழுத்தார்: "சார், இன்னும் நாலு சர்வர்லயும் இதே மாதிரி..."