வால்பாறைப் பாசிக்குப் பெயர் கண்டுபிடித்தல்

வால்பாறைக்கு ஏறும் சாலையோரம், மண் வெட்டிய சரிவில் படர்ந்திருக்கும் பாசி (குளத்துப் பாசியல்ல, ஆங்கிலத்தில் 'மாஸ்' எனப்படும் குட்டிச் செடி) பஸ் ஜன்னலிலிருந்து பார்ப்பவருக்கு ஒரே பச்சைதான். படம் எடுத்துச் செயலியிடம் கேட்டால் அது கூசாமல் ஒரு பெயரைச் சொல்லும். நம்ப வேண்டாம். பாசி இனங்களைப் பிரிக்கும் அடையாளங்கள் பெரும்பாலும் கைப்பேசிக் கேமராவுக்கு எட்டாதவை.

களத்துக்குப் பத்து மடங்கு லென்ஸும் கொஞ்சம் தண்ணீரும் போதும். முதலில் காய்ந்த நிலையில் பாருங்கள், பிறகு நனையுங்கள். மதில்களில் வளரும் ஹையோஃபிலா, காய்ந்தால் இலை விளிம்பை உட்புறமாகச் சுருட்டிக்கொள்ளும். நீர் பட்டதும் விரிந்துவிடும். அவசரப்பட்டு நனைத்தால் இந்தத் துப்பு போய்விடும்.

ஃபிசிடென்ஸ் என்ற பேரினத்தில் (நெருங்கிய இனங்களின் தொகுதியில்) இலைகள் தட்டையாக, இரண்டே வரிசையில் நிற்கும். ஒவ்வோர் இலையின் அடியும் சட்டைப்பை போல இரு மடலாகத் திறந்து தண்டைக் கவ்வியிருக்கும். ஆக, பேரினம் மலையிலேயே தெரிந்துவிடும். ஆனால் அதில் உலகெங்கும் 400க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டே! இலை விளிம்பில் நீண்ட செல்களாலான கரை இருக்கிறதா, நுனிவரை ஓடுகிறதா என்பதையெல்லாம் மைக்ரோஸ்கோப்தான் சொல்லும்.

காம்பின் உச்சியில் ஸ்போர் பை, அதாவது விதைபோலப் பரவும் நுண்துகள்கள் நிறைந்த பை, இருந்தால் யோகம். மூடி கழன்ற வாயைச் சுற்றிப் பற்கள் தெரியும். பல பாசிகளில் அவை 16. காற்றின் ஈரத்துக்கேற்ப வளைந்து நிமிர்ந்து ஸ்போர்களைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். மூச்சுக்காற்று பட்டாலே அவை அசைவதை லென்ஸில் பார்க்கலாம். மண்சரிவுகளை விரும்பும் போகோனேட்டம் வேறு வழி வைத்திருக்கிறது. அதன் 32 குட்டைப் பற்கள் அசைவதில்லை. பல் நுனிகளை இணைக்கும் சவ்வு வாயை மூடியிருக்க, பல்லிடுக்குகள் வழியே ஸ்போர் சிதறும். பைக்கு மேல் ரோமம் அடர்ந்த குல்லாய் வேறு.

போகோனேட்டத்தின் இலையின் மேற்பரப்பில் பச்சைச் செல்கள் வரிசை வரிசையாக எழுந்து நிற்கும். இலையை பிளேடால் குறுக்கே மெல்லிசாகச் சீவி, அந்த வரிசையின் உச்சிச் செல் உருண்டையா, தட்டையா, பிளவுபட்டதா என்று பார்த்துத்தான் இனத்தை முடிவு செய்கிறார்கள்.

வால்பாறையைச் சூழ்ந்த ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் ஒரு சிட்டிகை கிள்ளவும் வனத்துறை அனுமதி வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல உலர்தாவரத் தொகுப்பு, 'மெட்ராஸ் ஹெர்பேரியம்' என்ற பெயரோடு கோவை வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில்தான் இருக்கிறது. பாசியைப் பூச்செடி போல அழுத்தி உலர்த்தத் தேவையில்லை. மரப்பட்டையா, பாறையா, மண்ணா, எவ்வளவு உயரம் என்று குறித்துக் காகிதத்தில் மடித்துவைத்தால் போதும். பல ஆண்டுகள் கழித்து நனைத்தாலும் இலை பழைய வடிவத்துக்கு விரிந்துவிடும்.