ரத்தம் கொடுத்தவர்கள் கேட்கும் கேள்வி

சிறுநீரக நோய் ஆய்வுக்காக மத்திய ஆஸ்திரேலியாவில் பூர்வீகக் குடிகள் வாழும் ஒரு சிற்றூருக்கு முதன்முதலில் போனபோது, என் பையில் கேள்வித்தாள்கள் தயாராக இருந்தன. நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதமும் இருந்தது. ஊர்ப் பெரியம்மா ஒருவர் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். அப்புறம், முன்பு வந்தவர்கள் எடுத்துப்போன ரத்தம் இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பையைத் திறக்காமலே திரும்பிவிட்டேன்.

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. வட ஆஸ்திரேலியாவில் எல்கோ தீவின் கலிவின்கு ஊர் மக்களிடம் 1960-களில் எடுத்த ரத்த மாதிரிகள் சுமார் 50 ஆண்டுகள் உறைநிலையில் கிடந்தன. கொடுத்தவர்களில் பலர் இதற்குள் இறந்துவிட்டார்கள். இறந்தவரின் உடலில் ஒரு பங்கு ஊர் சேராமல் எங்கோ குளிர்பெட்டியில் இருப்பது அவர்களுக்குப் பெரிய துயரம். 2019-ல்தான் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகம் 200-க்கும் மேற்பட்ட மாதிரிகளை அவர்களிடமே திருப்பிக் கொடுத்தது.

இன்னொன்று, யாருடைய கேள்வியை ஆராய்கிறோம் என்பது. எத்தனை பேருக்கு நோய் என்று நாம் கேட்போம். மத்திய ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் இருக்கும் கிண்டோர் ஊர் மக்களின் கவலை வேறு. டயாலிசிஸுக்காகத் தொலைவிலுள்ள ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரத்துக்குப் போனவர்கள் சொந்த மண்ணைப் பிரிந்து அங்கேயே ஏங்கிக் கிடந்தார்கள். 2000-ல் அந்த வட்டாரத்து ஓவியர்கள் வரைந்து கொடுத்த ஓவியங்களை ஏலம் விட்டு 10 லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார்கள். 2004-ல் ஊரிலேயே டயாலிசிஸ் தொடங்கியது. வீட்டுக்கு எப்போது திரும்பலாம் என்ற கேள்வி என் தாளில் இருக்கவே இல்லை.

இந்தத் துறைக்கு வரும் நம் இளைஞர்களுக்குச் சொல்கிறேன்: திட்டம் எழுதும் முன்பே போங்கள். அந்த மக்களே நடத்தும் மருத்துவ நிலையத்தின் வழியாகப் போங்கள்; 1971-ல் சிட்னியின் ரெட்ஃபெர்ன் பகுதியில் தொடங்கிய அந்த வகை நிலையங்கள் இன்று நாடெங்கும் உண்டு. ஊர்க்காரர்களைச் சம்பளம் கொடுத்து ஆய்வாளர்களாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், கட்டுரையில் அவர்கள் பெயரும் வரட்டும். முடிவுகளை முதலில் கேட்க வேண்டியவர்கள் அவர்கள்தான். ஊரில் ஒரு சாவு என்றால் எல்லா வேலையும் நிற்கும், சில சமயம் வாரக்கணக்கில். துக்க வீட்டில் போய் நாம் கணக்கெடுப்போமா? அந்த நாட்களையும் சேர்த்தே கால அட்டவணை போடுங்கள்.

இரண்டாம் முறை வெறும் கையோடு போய், பேச்சைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தேன். பல மாதங்கள் கழித்து ஓர் ஒப்பந்தம் உருவானது. ரத்தம் எங்கே இருக்கும், யாரைக் கேட்டு எடுக்கலாம், எப்போது ஊர் திரும்பும் என்பதுதான் அதன் முதல் பத்தி. அதைச் சொல்லி எழுதவைத்தவர் அந்தப் பெரியம்மா.