சூடோமோனாஸ் ஏருஜினோசா: களிம்பு நிறக் கிருமி

ஐசியூல சொந்தக்காரங்க யாராவது படுத்திருந்தா இந்தப் பேரு காதுல விழுந்திருக்கும், "சூடோமோனாஸ் வளந்திருக்கு, ஆன்டிபயாடிக் மாத்தணும்"னு டாக்டர் சொல்லிட்டுப் போவாங்க. முழுப்பேரு சூடோமோனாஸ் ஏருஜினோசா.

முதல் பாதி கிரேக்கம், சூடோன்னா பொய், மோனாஸ்னா தனி அலகு. 1894ல வால்டர் மிகுலாங்கிற ஜெர்மன்காரர் இந்தப் பேரினத்துக்கு வச்சது. இதை வச்சு கிருமியப் பத்தி ஒண்ணும் தெரியாது. ரெண்டாவது பாதிலதான் விஷயமே இருக்கு. லத்தீன்ல ஏருகோன்னா செம்புல ஏறுற பச்சை, அதாவது ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்துல புளிக்குழம்ப வச்சா "களிம்பு ஏறிடும்"னு வீட்டுல பெரியவங்க சொல்வாங்களே, அதே களிம்புதான்.

அந்தக் காலத்துல புண்ணுக்குக் கட்டுற துணி சில பேருக்கு நீலப்பச்சையா மாறும், ஏன்னு யாருக்கும் புரியல. 1882ல பிரான்ஸ்ல கார்ல் கெஸ்ஸார் அந்தத் துணியிலேருந்து இந்தக் கிருமியத் தனியா பிரிச்சு எடுத்தாரு. நிறத்துக்குக் காரணம் இந்தக் கிருமி சுரக்குற பையோசயனின்ங்கிற நிறமி, கிரேக்கத்துல 'சீழ் நீலம்'. இன்னைக்கும் லேப்ல வளர்ப்புத் தட்டைத் திறந்தா கிருமி வளந்த இடத்தத் தாண்டி சுத்தி இருக்குற அகார்லயும் (கிருமி வளக்குற ஜெல்லி) பச்சை ஊறி நிக்கும், திராட்சை மாதிரி ஒரு இனிப்பு வாசனை வரும், அனுபவம் உள்ள டெக்னீஷியன் அதுலயே பாதி கண்டுபிடிச்சிடுவாங்க. அந்த நிறம் சும்மா அழகுக்கு இல்ல, பக்கத்துல இருக்குற மத்த பாக்டீரியாவக் கொல்லும், நம்ம செல்லுக்குள்ள ஹைட்ரஜன் பெராக்சைடு மாதிரி விஷப்பொருள உண்டாக்கி அதையும் கெடுக்கும்.

இது மண்ணுல, தண்ணில, சிங்க் குழாய்ல எங்க வேணா இருக்கும். 42 டிகிரி சூட்டுலயும் வளரும், ஆக்சிஜன் இல்லன்னா நைட்ரேட்ட வச்சு சமாளிக்கும். 2000ல இதோட மரபணுத்தொகுதியப் படிச்சப்போ சுமார் 63 லட்சம் டிஎன்ஏ எழுத்து, 5,500க்கு மேல மரபணு இருந்துச்சு, ஒரு பாக்டீரியாவுக்கு இது ரொம்பப் பெருசு, இவ்வளவு இடத்துல பொழைக்கிறதுக்கான சரக்கு பூரா அதுலதான் இருக்கு. வெளித்தோல் மருந்த லேசுல உள்ள விடாது, உள்ள போனதையும் பம்ப் வச்சு வெளிய தள்ளிடும். கதீட்டர், வென்டிலேட்டர் குழாய்ல பிசினா படலம் கட்டிக்கிட்டா மருந்து அடிவரைக்கும் போய்ச் சேர்றதே கஷ்டம்.

இவ்வளவு இருந்தும் ஆரோக்கியமா இருக்கறவங்கள இது பொதுவா ஒண்ணும் பண்றதில்ல. தீக்காயம், கீமோதெரபி, சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்ங்கிற பரம்பரை நோயால சளி கெட்டியான நுரையீரல், இப்படி காவல் குறைஞ்ச இடத்துலதான் ஏறும். கண்ணும் அப்படித்தான், கான்டாக்ட் லென்ஸ் போட்டுக்கிட்டே தூங்குறவங்களுக்குக் கருவிழிப் புண்ணு வர இது ஒரு முக்கியக் காரணம். 2023ல தமிழ்நாட்டுல தயாராகி அமெரிக்காவுக்குப் போன செயற்கைக் கண்ணீர் சொட்டு மருந்தோட தொடர்புபடுத்தின தொற்றுல இருந்தது இதோட மருந்துக்கு அடங்காத வகை, அங்க 4 பேர் இறந்தாங்க, பல பேருக்குப் பார்வை போச்சு.

இப்படி காவல் குறைஞ்ச இடம் பாத்துத் தாக்குறதத் தமிழ்ல 'சந்தர்ப்பவாதத் தொற்று'ன்னு எழுதுறாங்க. எனக்கு அது பிடிக்கல, அரசியல் பேச்சு மாதிரி இருக்கு, கிருமிக்கு ஏது வாதம்? 'வாய்ப்புத் தொற்று' போதும். கிருமிக்கு வெறும் 'களிம்பு'ன்னு வச்சா புண்ணுக்குத் தடவுற மருந்துன்னு குழப்பம் வரும், அதனால 'செம்புக்களிம்புக் கோலுயிரி'ன்னு வைக்கலாம், கோல் வடிவமும் நிறமும் ரெண்டுமே வந்துடுது.

ஆனா ரிப்போர்ட்ல சூடோமோனாஸ்னுதான் இருக்கும். அதுக்குக் கீழ மருந்து பேருங்க பக்கத்துல எஸ், ஆர்னு எழுத்து இருக்கும், எஸ்னா அந்த மருந்து கேக்கும், ஆர்னா கேக்காது. மெடிக்கல்ல சாதாரணமா வாங்குற அமாக்ஸிசிலின் இதுகிட்ட எடுபடவே எடுபடாது, அதனால வீட்டுல மிச்சம் கிடக்குற மாத்திரையப் போட்டுப் பாக்காம அந்த ரிப்போர்ட்ட டாக்டர்கிட்ட காட்டுங்க.