திரையை மாற்றுவதற்கு முன்

பழுதுபார்க்க மடிக்கணினியைக் கொண்டுவருபவர்களில் பலர், "டிஸ்ப்ளே போய்விட்டது, புதியது போட்டுத் தாருங்கள்" என்ற முடிவோடுதான் வருகிறார்கள். கோளாறு உண்மையிலேயே திரையில்தானா என்பதைப் பெரும்பாலும் வீட்டிலேயே, எதையும் கழற்றாமல் கண்டறிந்துவிடலாம். அது தெரியாததால் வீண்செலவு செய்தவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது.

முதலில் ஹெச்டிஎம்ஐ கேபிள் மூலம் கணினியைத் தொலைக்காட்சியுடன் இணைத்துப் பாருங்கள். அங்கும் அதே கோடுகள் தெரிந்தால் குறை பெரும்பாலும் கிராஃபிக்ஸ் சிப்பிலோ மென்பொருளிலோ இருக்கும். திரையை மாற்றிப் பயனில்லை. எல்சிடி திரை இருண்டு கிடந்தால், கைப்பேசியின் டார்ச் ஒளியைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். படம் மங்கலாகத் தெரியுமானால் பேனல் (படத்தை உருவாக்கும் திரைத் தகடு) படத்தைக் காட்டிக்கொண்டுதான் இருக்கிறது, பின்னிருந்து ஒளியூட்டும் பேக்லைட்டோ அதற்கு மின்சாரம் செல்லும் பாதையோதான் பழுதாகியுள்ளது என்று பொருள்.

மூடியை அசைக்கும்போது மட்டும் படம் துடிக்கிறது என்றால் உள்ளிருக்கும் திரைக் கேபிளைச் சந்தேகிக்க வேண்டும். மதர்போர்டிலிருந்து திரைக்குச் செல்லும் மெல்லிய கம்பிகள் கீல் வழியாகத்தான் போகின்றன; ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் அவை சற்று வளைந்து நிமிர்வதால் நாளடைவில் உள்ளே அறுந்துபோகின்றன. மூடியைக் குறிப்பிட்ட கோணத்தைத் தாண்டித் திறந்தால் மட்டும் இருண்டுவிடும் ஒரு கணினியை, பேனல் மாற்ற வேண்டும் என்று வேறோர் இடத்தில் சொல்லப்பட்ட பிறகு ஒரு மாணவி என்னிடம் கொண்டுவந்தார். கேபிளை மட்டும் மாற்றியதும் அது சரியாகிவிட்டது.

பேனலையே மாற்ற நேர்ந்தால் அங்குல அளவு மட்டும் பொருந்தினால் போதாது. கேபிள் செருகும் இணைப்பானில் 30 பின்களா (தொடுமுனைகளா) 40 பின்களா என்பதையும், பழைய பேனலின் பின்புறம் ஒட்டியுள்ள மாடல் எண்ணையும் ஒப்பிட வேண்டும். பேட்டரி இணைப்பைத் துண்டிக்காமல் திரைக் கேபிளைப் பிடுங்கினால் மதர்போர்டிலுள்ள பேக்லைட் ஃபியூஸ் எரிந்துபோகக்கூடும் என்பதால், இந்த வேலையை அவசரத்தில் செய்யக் கூடாது.

விரிசல்களில் பல கவனக்குறைவால் வருபவை: விசைப்பலகையின்மேல் மறந்துவிட்ட பேனா, கேமராவின்மேல் ஒட்டிய தடிமனான மூடி, திரையின் மூலையைப் பிடித்துத் தூக்கும் பழக்கம். துடைக்கும் திரவத்தை நேராகத் திரையில் தெளித்தால் அது வழிந்து கீழ்விளிம்பிலுள்ள மின்சுற்றில் இறங்கிவிடும். மென்மையான துணியைச் சிறிது நனைத்துத் துடைப்பதே பாதுகாப்பானது.

புதிதாக வாங்குபவர்கள் பிராசசரைப் பற்றி விரிவாகக் கேட்கிறார்கள், நாள் முழுவதும் கண் பதியப்போகும் திரையைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்பதில்லை. 15.6 அங்குலத் திரையில் 1366×768 என்பது அங்குலத்துக்கு ஏறத்தாழ 100 பிக்சல். 1920×1080 என்றால் 141. நெடுநேரம் படிப்பவருக்கு இந்த வேறுபாடு எழுத்தின் கூர்மையில் உடனே தெரியும். என்டிஎஸ்சி, எஸ்ஆர்ஜிபி என்பவை திரை காட்டக்கூடிய நிறங்களின் வீச்சை அளக்கும் அளவுகோல்கள். விவரக்குறிப்பில் '45% என்டிஎஸ்சி' என்றிருந்தால் நிறங்கள் வெளிறித் தெரியும். புகைப்படம், வடிவமைப்பு வேலைகளுக்கு 100% எஸ்ஆர்ஜிபி கேளுங்கள். அறைக்குள் 250 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அலகு) சமாளிக்கும், ஜன்னலோரம் வேலை செய்பவருக்கு 300க்கு மேல் தேவை. எல்சிடி பேனலில் டிஎன், ஐபிஎஸ் என வகைகள் உண்டு; டிஎன் பேனலைவிட ஐபிஎஸ் பக்கவாட்டிலும் நிறம் மாறாமல் காட்டும். பேக்லைட் இல்லாமல் பிக்சல்களே ஒளிரும் ஓஎல்இடி திரையின் கறுப்பு மிக அழகானதுதான். ஆனால் ஒரே பட்டை பல மணிநேரம் அசையாமல் நிற்கும் அலுவலக வேலைக்கு, அதன் தழும்பு நிரந்தரமாகப் பதியும் வாய்ப்பு இருப்பதால், நான் ஐபிஎஸ்ஸையே பரிந்துரைக்கிறேன்.

வாங்கிய அன்றே வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என முழுத்திரை நிறங்களை ஒவ்வொன்றாக வைத்து, இறந்த பிக்சல்களும் (நிறம் மாறாமல் நிற்கும் புள்ளிகள்) விளிம்பில் ஒளிக்கசிவும் உள்ளனவா என்று பாருங்கள். திருப்பித் தருவதற்கான கெடு முடிந்தபின் அவற்றுக்கு மாற்று பெறுவது கடினம்.