அரசு கால்நடை மருந்தகத்தில் ஆட்டுக்கு ஏற்ற குடற்புழு மருந்தைக் கேட்டுப் பெறுவது எப்படி?

தமிழக அரசின் கால்நடை பராமரிப்புத் துறை நடத்தும் மருந்தகங்களில் வெள்ளாடு, செம்மறியாடுகளுக்கான குடற்புழு நீக்க மருந்து கட்டணமின்றிக் கொடுக்கப்படுகிறது. 2011-இல் தொடங்கிய விலையில்லா ஆடுகள் திட்டத்தில் ஆடு பெற்றவர்களுக்கு மட்டும் உரிய சலுகை என்று இதைக் கருத வேண்டியதில்லை. சந்தையில் விலைகொடுத்து வாங்கிய ஆடு, வாரத்துக்கு (பங்கு பேசி) வளர்க்கும் ஆடு, வீட்டில் பிறந்த குட்டி என எதுவாயினும் மருந்து கேட்கலாம். ஊரில் நடக்கும் கால்நடை சுகாதார முகாம்களிலும் தடுப்பூசியோடு சேர்த்துக் குடற்புழு மருந்து ஊற்றுகிறார்கள். நடக்க முடியாமல் ஆடு படுத்துவிட்டால், 1962 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைத்து நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை வரவழைக்கலாம்.

ஆனால் மருந்து கிடைப்பது ஒன்று, நம் ஆட்டின் வயிற்றில் இருக்கும் புழுவுக்கு உரிய மருந்து கிடைப்பது வேறொன்று. என் பட்டியில் மூன்று ஆண்டுகள் ஒரே வெள்ளை மருந்தைக் கடையில் வாங்கி ஊற்றி வந்தேன். நான்காம் ஆண்டு மழைக்குப் பின் இரண்டு பெட்டை ஆடுகள் தாடை வீங்கி இறந்தன. அதன்பிறகுதான், மருந்தகத்துக்குப் போகும்போது, அதிலுள்ள புழு முட்டைகளைச் சோதித்து எண்ணுவதற்காக ஆட்டுப் புழுக்கையையும் கொண்டுபோக வேண்டும் என்பதைக் கற்றுக்கொண்டேன்.

காலையில் பட்டியைத் திறக்கும் முன், ஐந்தாறு ஆடுகளிடமிருந்து அப்போதே விழுந்த புழுக்கையைத் தனித்தனிச் சிறு பையில் எடுத்து, எந்த ஆட்டினுடையது என்று எழுதி, வெயில் படாமல் அன்றே ஒப்படைக்க வேண்டும். வெப்பத்தில் கிடந்தால் முட்டைகள் பொரித்துவிடும், கணக்குத் தப்பும். மருந்தகத்தில் அந்தச் சோதனைக்கு வசதி இல்லையென்றால், மாவட்ட அளவில் இயங்கும் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவுக்கு அனுப்பும்படி மருத்துவரிடம் கேட்கலாம்.

செட்டிநாட்டில் ஆடுகளைப் பெரிதும் வாட்டுவது நாலாம் இரைப்பையில் ஒட்டி இரத்தம் உறிஞ்சும் உருண்டைப்புழு. வடகிழக்குப் பருவமழைக்குப் பின் தழைக்கும் குட்டைப்புல்லில், பனி ஈரத்தில் இதன் இளம்புழுக்கள் ஏறி நிற்கும். கண்ணின் கீழிமையை விரலால் மெல்ல இறக்கிப் பாருங்கள்: சிவந்திருந்தால் நலம், வெளுத்துத் தாள் போலிருந்தால் ஆடு இரத்தம் இழந்திருக்கிறது. கண்மாயில் நீர் வற்றும் மாசி, பங்குனியில் ஆடுகள் கண்மாயின் உட்பகுதிக்குப் பச்சை தேடிப் போகும்போது நத்தை வழியாகத் தட்டைப்புழு தொற்றுகிறது. நாற்றமடிக்கும் நீர்க் கழிச்சல் கண்டால் இதை நினைக்க வேண்டும். சோற்றுப் பருக்கை போல வெள்ளைத் துண்டுகள் புழுக்கையில் தெரிந்தால் அது நாடாப்புழு.

மருந்துகளும் இதற்கேற்பப் பிரிகின்றன. அல்பெண்டசோலும் ஃபென்பெண்டசோலும் ஒரே குடும்பம். உருண்டைப்புழுவுக்கு முதன்மையானவை என்றாலும், ஒன்றை ஆண்டுக்கணக்கில் ஊற்றிப் புழு பழகிவிட்டால் மற்றதும் பலிக்காது. எனவே பெயரை மாற்றினால் போதாது, குடும்பத்தை மாற்ற வேண்டும். லெவமிசோல் உருண்டைப்புழுவை மட்டும் கொல்லும். அளவு மிஞ்சினால் ஆடு எச்சில் வடித்து நடுங்கும். ஐவர்மெக்டின் உருண்டைப்புழுவோடு சொறியுண்ணியையும் ஒழிக்கும், தட்டைப்புழுவையும் நாடாப்புழுவையும் தொடாது. குளோசாண்டல் இரத்தம் உறிஞ்சும் புழுவுக்கும் ஈரல் தட்டைப்புழுவுக்கும் ஆகும், ஆனால் அளவு மிகுந்தால் பார்வை போய்விடும். கண்மாய்ப் பக்கம் வரும் இரைப்பைத் தட்டைப்புழுவுக்கு ஆக்ஸிகுளோசனைடையும், நாடாப்புழுவுக்குப் பிராசிகுவாண்டலையும் மருத்துவர்கள் எழுதுகிறார்கள்.

அளவில்தான் பெரும்பாலோர் தவறுகிறோம். கண்ணால் மதிப்பிட்டுக் குறைத்து ஊற்றினால் வலுத்த புழு தப்பிப் பெருகும். தராசு இல்லாதவர்கள் முன்னங்காலுக்குப் பின்னே நெஞ்சுச் சுற்றளவையும், தோள்முனையிலிருந்து வாலடி எலும்பு வரை நீளத்தையும் அங்குலத்தில் எடுத்து, சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோ கணக்கில் எடை கிடைக்கும். 26 அங்குலச் சுற்றும் 24 அங்குல நீளமும் உள்ள ஆடு ஏறத்தாழ 25 கிலோ. மருத்துவர் அல்பெண்டசோலைக் கிலோவுக்கு 7.5 மி.கி. என்று எழுதினால், 2.5 சதவீத மருந்தில் அதற்கு 7.5 மி.லி. வேண்டும், அதே பெயரில் 10 சதவீத பாட்டில் கையில் இருந்தால் 2 மி.லி.க்கும் குறைவுதான். பாட்டிலின் மேல் சதவீதத்தைப் படிக்காமல் மூடியைத் திறக்காதீர்கள். ஊற்றும்போது தலையை அண்ணாந்து பிடித்தால் மருந்து மூச்சுக்குழலில் இறங்கும். மூக்கு கண்ணுக்கு மேலே போகாமல், கடைவாய் வழியாக மெதுவாக விடுங்கள்.

சினையின் முதல் மாதத்தில் அல்பெண்டசோல் கொடுக்கக் கூடாது, குட்டி ஊனமாகும். எனவே கிடா சேர்த்த நாளைக் குறித்து வைத்து, மருத்துவர் கேட்குமுன் நாமே சொல்லிவிட வேண்டும். ஐயனார் கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கிடாய்க்கு மருந்து ஊற்றினால், இறைச்சியில் மருந்து தங்கும் நாட்கள் கழிந்த பிறகே வெட்ட வேண்டும். இது மருந்துக்கு மருந்து மாறும்; சிலவற்றுக்கு ஒரு மாதத்துக்கு மேலும் காத்திருக்க நேரும். படையல் நாள் முன்பே தெரியும் என்பதால், நாளைச் சொல்லி அதற்கேற்ற மருந்தைக் கேட்கலாம்.

மருந்து ஊற்றிய 10 முதல் 14 நாட்களுக்குள் அதே ஆடுகளின் புழுக்கையை மறுபடி கொண்டுபோய்க் காட்டுங்கள். முட்டை எண்ணிக்கை 95 சதவீதத்துக்குக் குறையாமல் இறங்கியிருந்தால் மருந்து வேலை செய்கிறது. இறங்கவில்லையென்றால் வேறு குடும்பத்து மருந்தை எழுதித் தரும்படி அந்த இரண்டு முடிவுகளையும் மருத்துவர் முன் வைத்துக் கேட்கலாம்.